வெறும் பூச்சி மருந்து

சேசு மரி சூசை துணை

பனையத்திட்டு,
3-6-59

அண்ணனுக்கு லூர்துராணி எழுதுவது.

கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப்போடத் தோன்றும். கிழிப்பதற்கு முன் ஒரு தடவை படித்துவிடுங்கள். கல்யாணப் பேச்சை நான் எடுக்கப் போவதில்லை. சமாதானம் பேசவும் எழுதவில்லை. வேறு யாரைக் கேட்பது என்று தெரியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் இங்கே கரை ரோட்டில் ஒரு லாரி சாய்ந்தது. அதிலிருந்து ஒரு இரும்பு டிரம் சரிவில் உருண்டு ஆற்றுக்குள் விழுந்துவிட்டது. லாரிக்காரர்கள் லாரியை நிமிர்த்திக்கொண்டு, ஆள் கூட்டி வந்து டிரம்மை எடுத்துப்போகிறோம் என்று சொல்லிப் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். எந்த ஊர் லாரி, யாருடைய சரக்கு என்று ஒருவரும் கேட்டு வைக்கவில்லை.

ஆற்றில் இப்போது தண்ணீர் இல்லை, வெறும் மணல். அந்த மணலில் ஊற்றுத் தோண்டித்தான் இந்த ஊரே குடிக்கிறது. டிரம் கிடப்பது ஊற்றிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. அதன் மூட்டு விட்டுப்போய், பழுப்பாக எண்ணெய் மாதிரி ஒன்று கசிகிறது. பூண்டை நசுக்கி மண்ணெண்ணெயில் போட்டதுபோல் ஒரு நாற்றம். முதலில் காக்கைகள் செத்துக் கிடந்தன. நேற்று காத்தமுத்துவின் நாய் அங்கே போய் முகர்ந்துவிட்டு வந்து, வாசலிலேயே காலை உதைத்துக்கொண்டு செத்துப்போயிற்று. காத்தமுத்து இந்தக் கரையைப் பார்த்துக்கொள்கிற லஸ்கர். மேலே ரிப்போர்ட் செய்துவிட்டேன் என்கிறார். மேலே என்றால் எவ்வளவு மேலே என்று அவருக்கே தெரியவில்லை.

ஊற்றுப் பக்கம் போகக் கூடாது என்று நானும் அழகம்மாளும் வீடு வீடாகச் சொல்லி வைத்திருக்கிறோம். அழகம்மாள் எங்கள் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைப்பவள். அவள் மகள் பவுனு என்னிடம் ஒன்றாம் வகுப்பு படிக்கிறது. இப்போதைக்குப் பள்ளிக்கூடத்துக் கிணற்றில் எல்லோரும் சேந்துகிறார்கள். அது உப்புத் தண்ணீர். எத்தனை நாளைக்கு என் பேச்சைக் கேட்பார்கள்?

எனக்குப் பெரிய பயம் இதுதான். மேட்டூரைத் திறக்கும் நாள் நெருங்கிவிட்டது. தண்ணீர் வந்தால் அந்த டிரம்மைப் புரட்டிக்கொண்டு போகும். எங்களுக்குக் கீழே அம்மா மண்டபம் படித்துறை, ஸ்ரீரங்கம், அதற்கும் கீழே எத்தனை ஊர்.

டிரம்மில் பெயிண்ட் சுரண்டிப் போயிருக்கிறது. மிச்சமிருக்கும் இங்கிலீஷ் எழுத்துகளை மூக்கைப் பொத்திக்கொண்டு போய்ப் பார்த்து, தனித்தாளில் எழுதி இந்தக் கவருக்குள்ளேயே வைத்திருக்கிறேன். ஒர்க்‌ஷாப் ஸ்டோர்ஸில் நீங்கள் பார்க்காத டிரம் இருக்காது. அது என்ன சரக்கு என்று மட்டும் எழுதுங்கள். வரச் சொல்லவில்லை. வரமாட்டீர்கள் என்று தெரியும்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

லூர்துராணி

*

(கார்டு)

பொன்மலை,
5-6-59

லூர்துராணிக்கு,

கவர் கிடைத்தது. ஸ்டோர்ஸில் விசாரித்தேன். அது வெறும் பூச்சி மருந்து. பயப்பட ஒன்றுமில்லை. இப்போது சர்க்காரே ஊர் ஊராகக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. கையில் பட்டால் கழுவிக்கொள்ளவும். டிரம்மை அப்புறப்படுத்துவது லஸ்கர் வேலை, டீச்சர் வேலை அல்ல. கோவிலில் இரண்டு ஞாயிறு கல்யாண ஓலை வாசித்த பிறகு, மூன்றாவது ஓலைக்கு முன்னால் சாமியாரிடம் போய் மாட்டேன் என்று சொன்ன தைரியசாலி, ஒரு தகர டிரம்முக்குப் பயப்படுவது வேடிக்கை. பதில் தேவையில்லை.

இன்னாசிராஜ்

*

திருச்சி, பெரியாஸ்பத்திரி,
7-6-59, ஞாயிறு

அண்ணா,

இங்கே ஆயா வேலை பார்க்கும் அற்புதம்மாள் பொன்மலையில்தான் இருக்கிறாள். அவள் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். படித்ததும் உட்காராதீர்கள்.

உங்கள் கார்டு நேற்று வந்தது. நான் அப்போது டிரம் விஷயமாகப் பெட்டிஷன் கொடுக்கத் தாலுகா ஆபீஸ் வாசலில் காத்துக்கொண்டிருந்தேன். தபால்காரர் ஷேக் தாவூது நல்ல மனிதர். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கெல்லாம் அவர்தான் கடிதம் வாசித்துக் காட்டுவார். பயந்து கிடந்த ஜனங்கள் அவரைச் சுற்றிக்கொண்டு, டீச்சர் அண்ணன் என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டிருக்கிறார்கள். கார்டுதானே, மறைக்க என்ன இருக்கிறது? அவரும் சத்தமாகவே வாசித்துவிட்டார். வெறும் பூச்சி மருந்து. பயப்பட ஒன்றுமில்லை. சர்க்காரே ஊர் ஊராகக் கொடுக்கிறது.

இந்த ஊரில் பூச்சி மருந்து என்றால் என்ன தெரியுமா உங்களுக்கு? தை மாதம் சுகாதாரத்துக்காரர்கள் வந்து பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வயிற்றுப் பூச்சிக்கு ஊற்றிவிட்டுப் போனார்களே, அதுதான் பூச்சி மருந்து. சர்க்கார் கொடுத்தது. அன்றைக்கு ஒவ்வொரு தாயிடமும், கசக்கும், வெல்லத் தண்ணீரில் கலந்து கொடுங்கள் என்று சொன்னவள் நான். பயிருக்கு அடிக்கிற மருந்தை இங்கே ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை. அதை வாங்குகிற அளவுக்கு யாருக்கு இங்கே நிலம் இருக்கிறது?

பவுனுக்கு வயிறு உப்பிக்கொண்டு பூச்சித் தொல்லை. அழகம்மாள் ஆற்றுக்குப் போய்க் கொட்டாங்கச்சியில் கொஞ்சம் வழித்து வந்து, வெல்லத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுக் கொடுத்திருக்கிறாள். நான் சொன்னபடியே செய்திருக்கிறாள். குழந்தை நாற்றம் தாங்காமல் முக்கால்வாசியைத் துப்பிவிட்டது. துப்பியதால்தான் இன்னும் உயிர் இருக்கிறது.

நான் ஊர் திரும்பியபோது குழந்தைக்கு வாயில் நுரை. உடம்பெல்லாம் வேர்வை. தொடைச் சதை தானாகத் துடிக்கிறது. கண்ணைத் திறந்து பார்த்தேன், கருமணி கடுகளவுக்குச் சுருங்கிவிட்டது. வண்டி கட்டி, ஸ்ரீரங்கத்தில் ஒரு டாக்ஸி பிடித்து இங்கே கொண்டுவந்து சேர்த்தோம். டாக்டர் ஊசி போட்டுக்கொண்டே இருக்கிறார். டிரம்மில் இருப்பது இன்னதென்று சரியான இங்கிலீஷ் பெயர் வேண்டும் என்கிறார். ஸ்டோர்ஸில் கேட்டு எழுதி அற்புதம்மாளிடம் உடனே கொடுத்தனுப்புங்கள்.

அழகம்மாள் அழக்கூட இல்லை. குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு அவளைப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

என் மேல் உங்களுக்கு ஆயிரம் கோபம் இருக்கட்டும். அதை ஒரு கவருக்குள் போட்டு ஒட்டி அனுப்பியிருக்கக் கூடாதா?

லூர்து

*

பனையத்திட்டு,
8-6-59

லூர்து,

நீ கேட்ட பெயரை ஸ்டோர்ஸ் கெமிஸ்ட் கையாலேயே எழுதி வாங்கி அற்புதம்மாளிடம் கொடுத்துவிட்டேன். அந்த மனிதர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, யாராவது குடித்துவிட்டார்களா என்று கேட்டார். சீட்டை வாங்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்கு வராமல் நேராக இங்கே வந்துவிட்டேன். அழகம்மாள் முன்னால் போய் நிற்க எனக்கு முகம் இல்லை. அதற்குப் பயந்துதான் டிரம்மிடம் வந்தேன் என்று வைத்துக்கொள். லீவு சொல்லிவிட்டேன். உன் அறைச் சாவி கூரைக்குள் இருக்கிறது என்று காத்தமுத்து சொன்னார். உன் அறையில்தான் தங்கியிருக்கிறேன்.

பவுனு ஆஸ்பத்திரிக்குப் போன கதை தெரிந்ததும் ஊரில் எல்லோரும் கொட்டிவிட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். ஒருத்தரும் கொட்டவில்லை. அழகம்மாள் அளவு தெரியாமல் கொடுத்துவிட்டாள் என்றுதான் பேச்சு. சர்க்கார் மருந்து, காசில்லாமல் கிடைத்தது, யாருக்கு மனசு வரும் கொட்ட? ஒரு வீட்டில் சீமெண்ணெய் பாட்டிலில் ஊற்றிச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். இன்னொரு வீட்டில் அரிசிப் பானைக்குள். பேனுக்குத் தடவலாம் என்று ஒருத்தி எடுத்து வைத்திருக்கிறாள். நான் வாசலில் நின்று இது விஷம், பயிர்ப் பூச்சியைக் கொல்கிற விஷம் என்று தொண்டை கிழியக் கத்துகிறேன். ஒரு கிழவர் நிதானமாகக் கேட்டார்:

"சர்க்கார் குடுக்கறதுன்னு நீங்கதானங்க எழுதுனீங்க? இப்ப நீங்களே இல்லைங்கறீங்க. எதை நம்பறது?"

செத்த நாயை எங்கே புதைத்தார்கள் என்று கேட்டுக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அதற்குப் பிறகுதான் பாட்டில்கள் வெளியே வந்தன. கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு வாங்கி ஒரு வாளியில் அடுக்கியிருக்கிறேன்.

இதைவிடப் பெரிய இடி ஒன்று சாயங்காலம் விழுந்தது. ஷேக் தாவூது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். விஷயம் முழுக்கக் கேட்டதும் மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மேற்கே இரண்டு ஊரில் டிரம்மைப் பற்றிக் கேட்டுப் பயந்திருந்தார்களாம். இவர் நல்ல சேதி என்று என் கார்டில் இருந்ததை அங்கேயும் சொல்லிவிட்டாராம். அங்கிருந்து யார் யார் வந்து அள்ளிக்கொண்டு போனார்களோ தெரியாது. "யா அல்லாஹ், என் வாயால சொல்லிட்டேனே" என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு தண்ணீர்கூடக் குடிக்காமல் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். இந்தக் கடிதத்தையும் அவரிடம்தான் கொடுக்க வேண்டும், திரும்பி வரட்டும்.

டிரம்மைப் போய்ப் பார்த்தேன். உடைப்பு அடிப்பக்கத்தில் இருக்கிறது. உருட்டினால் மொத்தமும் கொட்டிவிடும். சுற்றிலும் மணல் கறுத்துப் பாளமாகக் கிடக்கிறது. நாளைக்கு ஒர்க்‌ஷாப்பிலிருந்து சவரிராயனையும் இன்னும் இரண்டு பேரையும் வரச் சொல்லியிருக்கிறேன். எப்படித் தூக்குவது என்று எனக்கு ஓரளவு தெரியும். தூக்கும்போது எங்களுக்கு என்ன ஆகும் என்று தெரியாது. டாக்டரைக் கேட்டு எழுது.

குழந்தை எப்படி இருக்கிறது என்று எழுது. நல்ல சேதி இல்லாவிட்டாலும் எழுது.

இன்னாசி

*

பெரியாஸ்பத்திரி,
9-6-59

அண்ணா,

நீங்கள் அங்கே இருக்கிறீர்கள் என்று படித்ததும் எனக்கு ஒரு பக்கம் தெம்பு, ஒரு பக்கம் திகில். இனி இரண்டு பேருக்காகப் பயப்பட வேண்டும்.

நீங்கள் அனுப்பிய பெயரைப் பார்த்ததும் டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டு, நினைத்தது சரிதான் என்றார். ஊசியை நிறுத்தாமல் போடச் சொல்லியிருக்கிறார். நேற்று குழந்தைக்கு மூச்சு நின்று நின்று வந்தது. நெஞ்சுக்குள் சளி கொழகொழவென்று சத்தம் போடுகிறது. நர்சம்மா குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தார்கள். இன்று காலையில் கருமணி கொஞ்சம் விரிந்திருக்கிறது. இன்னும் ஒன்றும் சொல்வதற்கில்லை என்கிறார் டாக்டர்.

டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அந்த இழவைக் குடித்தால்தான் என்றில்லை, தோலில் பட்டாலே உள்ளே இறங்கிவிடுமாம். கையை வைக்கக் கூடாது. காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். துணியில் தெறித்தால் அந்த நிமிஷமே கழற்றி எறிந்துவிட்டு, சோப்புப் போட்டுத் தண்ணீரைக் கொட்டிக் கொட்டிக் கழுவ வேண்டும். அங்கே நின்று பீடி குடிக்கக் கூடாது, வெற்றிலை போடக் கூடாது. சுண்ணாம்பு அதன் வேகத்தைக் குறைக்குமாம், நிறையக் கொட்டச் சொல்கிறார். தலைவலி, எச்சில் ஊறுவது, கண் மங்குவது, இதில் ஒன்று வந்தாலும் வேலையைப் போட்டுவிட்டு இங்கே ஓடிவர வேண்டும். இதைச் சவரிராயனுக்கும் மற்றவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். சத்தமாகவே படியுங்கள்.

கடைசி வரியை எழுதிய பிறகு அடிக்கலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை. கோபம் இன்னும் இருக்கிறது.

அழகம்மாள் நேற்றுத்தான் வாயைத் திறந்தாள். டீச்சரம்மா, வெல்லம் ஜாஸ்தியாப் போட்டுட்டேனா என்று என்னைக் கேட்டாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நான் வெளியே போய் வராந்தாவில் நின்று அழுதேன்.

லூர்து

*

பனையத்திட்டு,
13-6-59

லூர்து,

டிரம் ஆற்றில் இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

சுற்றிலும் மணலைத் தோண்டிச் சுண்ணாம்பைக் கொட்டிக்கொண்டே போனோம். மேலே சவுக்குக் கம்பில் முக்காலி கட்டி, ஒர்க்‌ஷாப்பிலிருந்து கொண்டுவந்த பளு தூக்குகிற செயின் பிளாக்கை மாட்டினோம். கழித்துப் போட்ட தண்ணீர்த் தொட்டி ஒன்றை போர்மேன் கொடுத்தார். டிரம்மை அலுங்காமல் தூக்கி அந்தத் தொட்டிக்குள் இறக்கி, மூடி, தாரைக் காய்ச்சி அடைத்துவிடுவது என்று யோசனை. சவரிராயன் வேலை ஆரம்பிக்கும்போதிலிருந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டே இருந்தான். சும்மா இருடா என்று அதட்டினேன். அவன் நிறுத்தியதும் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது, சொல்லித் தொலை என்றேன்.

பாதி உயரம் வந்ததும் சங்கிலி ஒரு கண்ணி நழுவியது. டிரம் ஒரு பக்கம் சாய்ந்தது. நான் போய்த் தோள் கொடுக்காமல் ஒரு கம்பை முட்டுக் கொடுத்து நிமிர்த்தினேன். கொஞ்சம் தெறித்தது. பிறகு இறங்கிவிட்டது. அடைத்துவிட்டோம்.

அடைத்ததை எங்கே வைப்பது? காத்தமுத்து எழுதின ரிப்போர்ட்டுக்கும் நீ கொடுத்த பெட்டிஷனுக்கும் இதுவரை ஒரு பதிலும் வரவில்லை. ஆகட்டும் என்று தொட்டியை லாரியில் ஏற்றி, அந்த ஆபீஸ் முற்றத்திலேயே இறக்கிவிட்டு வந்தோம். பெட்டிஷன் நகராத இடத்தில் டிரம்மே நேரில் போய் உட்கார்ந்ததும் பார்க்க வேண்டுமே கூத்தை. மத்தியானத்துக்குள் ஒரு பெரிய அதிகாரி, இரண்டு வண்டி சுண்ணாம்பு, மண்வெட்டியோடு கூலியாட்கள் எல்லோரும் வந்து இறங்கிவிட்டார்கள். தொட்டியை ஆளில்லாத இடமாகப் பார்த்து ஆழமாகப் புதைக்க ஏற்பாடு செய்கிறார்களாம். மேற்கே இரண்டு ஊரிலும் ஷேக் தாவூது ஒரு வீடு விடாமல் போய்ப் பாட்டில்களை வாங்கி வந்துவிட்டார். அங்கே ஒருவரும் குடிக்கவில்லை. அந்த மனிதர் இளைத்துப்போய்விட்டார்.

மிச்சம் இருப்பது மணல். நேற்று மேட்டூரைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் மாயனூர் தாண்டி இங்கே வருவதற்குள் கறுத்த மணல் முழுக்க மேட்டில் தோண்டிய குழிக்குப் போய்விட வேண்டும். ஆட்கள் அள்ளிக்கொண்டிருக்கிறார்கள். நான் நின்று பார்க்காவிட்டால் பாதியில் விட்டுவிடுவார்கள்.

இன்றைக்கு என்னவோ வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடவில்லை, அதனால் இருக்கும். எழுத்தும் இரண்டிரண்டாகத் தெரிகிறது. வெயிலில் நின்ற கோளாறு. வரி கோணியிருந்தால் கோபிக்காதே.

அந்த மாப்பிள்ளை வேலையை விடச் சொன்னான் என்று காத்தமுத்து சொல்லித்தான் எனக்குத் தெரியும், நீ அப்போதே என்னிடம் சொல்லியிருக்கலாம். உன் பள்ளிக்கூடத்துச் சுவரில், டீச்சர் போகாதீங்க என்று பிள்ளைகள் எழுதி வைத்திருப்பதைப் படித்தேன். அப்போது நீ சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். கேட்டிருக்கமாட்டேன்.

பவுனு?

இன்னாசி

*

பெரியாஸ்பத்திரி,
14-6-59

அண்ணா,

உங்களுக்கு மூளை இருக்கிறதா? எச்சில் ஊறுகிறது, எழுத்து இரண்டாகத் தெரிகிறது என்று எனக்கு எழுதத் தெரிந்த மனுஷருக்கு, நான் எழுதியதைப் படிக்கத் தெரியாதா? கடிதத்தை டாக்டரிடம் காட்டினேன். அவர் என்னைத் திட்டினார். தெறித்தது எங்கே, காலிலா? அந்த வேட்டியையே கட்டிக்கொண்டு மண் அள்ளப் பார்த்துக்கொண்டிருந்தீர்களா?

இந்தச் சீட்டோடு டாக்ஸி வருகிறது. காத்தமுத்துவும் சவரிராயனும் உங்களைத் தூக்கிப் போட்டாவது ஏற்றிவிட வேண்டும். ஏறுவதற்கு முன்னால் அவர்கள் உங்களைச் சோப்புப் போட்டுக் குளிக்க வைக்கட்டும், துணியை எரித்துவிடட்டும். மணலை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். மணல் ஆற்றோடு போனால் போகட்டும் என்றுகூட இந்த நிமிஷம் தோன்றுகிறது. அப்படி நினைப்பதற்கு ஆண்டவர் மன்னிக்கட்டும்.

அப்பா போன பிறகு எனக்கு நீங்கள் ஒருத்தர்தான். சண்டை போடுவதற்காவது இருங்கள்.

பவுனு கண்ணைத் திறந்தது. அம்மா என்றது.

லூர்து

*

பனையத்திட்டு,
17-6-59

அண்ணா,

ஆண்கள் வார்டில் உங்களைப் படுக்கப் போட்டுவிட்டு வந்த இந்த மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்று காலையில் அண்ணி சொல்லியனுப்பிய பிறகுதான் இட்லி சாப்பிட்டேன். ஊசிக்கு உங்கள் கண் நன்றாக விரிந்துவிட்டது, நர்சிடம் சண்டை போடுகிறீர்கள் என்று சொன்னார்களாம். சண்டை போடுகிறார் என்றால் பிழைத்துவிட்டார் என்று நான் தெரிந்துகொண்டேன்.

மணலை முடித்துவிட்டார்கள். கடைசிச் சட்டியை மேட்டில் கொட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடும்போது மேற்கே இரைச்சல் கேட்டுவிட்டது. காத்தமுத்து ஓடி வந்து எல்லோரையும் கரையேறச் சொன்னார்.

வருஷா வருஷம் புதுத் தண்ணீர் வரும்போது இந்த ஊர்ப் பிள்ளைகள் அதற்கு முன்னால் ஓடுவார்கள். பெரியவர்கள் கற்பூரம் கொளுத்துவார்கள். இந்த வருஷம் ஒரு பிள்ளையையும் இறங்க விடவில்லை. ஒவ்வொரு தாயும் தன் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நுரையும் சருகுமாகத் தண்ணீர் வந்தது. டிரம் கிடந்த இடத்தைத் தொட்டது. அங்கே ஒரு சுழி சுழித்துவிட்டு மேலே போயிற்று. கற்பூரத்தைக் கையில் வைத்திருந்த காத்தமுத்து கொளுத்த மறந்துவிட்டார்.

பிறகு அந்த இடத்துத் தண்ணீரை ஒரு அண்டாவில் மொண்டு, கெண்டைக் குஞ்சுகளைப் பிடித்து விட்டோம். ஊரே அண்டாவைச் சுற்றி உட்கார்ந்தது. பொழுது சாயும்வரை சுற்றிச் சுற்றி நீந்திக்கொண்டிருந்தன. இருட்டிய பிறகு விளக்கைக் கொண்டுவந்து பார்த்தார்கள். காலையிலும் நீந்தின. அப்படியும் இங்கே இன்னும் ஒருத்தரும் ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கவில்லை. ஸ்ரீரங்கத்துப் படித்துறையில் ஜனங்கள் வழக்கம்போல் முழுக்குப் போடுகிறார்கள் என்று ஷேக் தாவூது சொன்னார். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டதால் என்னால் உடனே வர முடியாது. நடக்க முடிந்ததும் பெண்கள் வார்டுக்குப் போய்ப் பவுனுவைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அழகம்மாளுக்குப் பயந்து பதுங்காதீர்கள். என்றைக்காவது போய்த்தானே ஆக வேண்டும்?

லூர்து

*

பெரியாஸ்பத்திரி,
21-6-59

லூர்து,

போனேன். படி ஏறும்போது இரண்டு தடவை நின்றுவிட்டேன். மருந்தின் வேகம் என்று உனக்கு எழுதலாம்தான், ஆனால் அது பயம்.

பவுனு கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. இளைத்திருக்கிறது, ஆனால் கண் தெளிந்துவிட்டது. நாளை மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். நான் இன்னார் என்று அழகம்மாளிடம் சொன்னேன். தெரியும் என்றாள். அந்தக் கார்டு எழுதினவன் நான்தான் என்றேன். அதற்கும் தெரியும் என்றாள். அவள் ஏசுவாள், ஏசட்டும், கேட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்று நின்றேன். அவள் ஏசவில்லை. கையில் ஒரு கிண்ணத்தில் ரசஞ்சாதம் வைத்திருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"எழுதுனது நீங்க, படிச்சது தபால்காரரு. ஊட்டுனது நான்தான அண்ணே. அது என் கையத்தான பாக்குது."

எனக்கு முதலில் புரியவில்லை. நர்சம்மாதான் சொன்னார்கள். குழந்தைக்கு நினைவு வந்ததிலிருந்து நர்ஸ் ஊட்டினால் சாப்பிடுகிறது. அற்புதம்மாள் ஊட்டினால் சாப்பிடுகிறது. பக்கத்துக் கட்டில் பாட்டி கொடுத்த ரொட்டியைக்கூட வாங்கித் தின்றதாம். அம்மா கையை நீட்டினால் மட்டும் பல்லைக் கடித்துக்கொள்கிறது. அழுவதில்லை, அடம் பிடிப்பதில்லை. அம்மா மடியில்தான் படுக்கிறது, அம்மாவைக் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறது. வாயை மட்டும் திறப்பதில்லை.

வீட்டுக்குப் போனால் நர்ஸ் இருக்கமாட்டாளே, அங்கே யார் ஊட்டுவது என்று அழகம்மாள் கேட்டாள். என்னிடம் கேட்டாளா, தன்னையே கேட்டுக்கொண்டாளா, தெரியவில்லை.

அவள் மறுபடியும் ஒரு வாய் எடுத்து நீட்டினாள். பவுனு உதட்டை இறுக்கிக்கொண்டது. அழகம்மாள் அந்தக் கையை அப்படியே திருப்பித் தன் வாயில் போட்டுக்கொண்டாள். மென்று விழுங்கினாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தைக்கு நேராகச் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

பவுனு அவளையே பார்த்தது. முகத்தைப் பார்த்தது, வாயைப் பார்த்தது, கழுத்தைப் பார்த்தது. எதற்கு இப்படிப் பார்க்கிறது என்று நினைத்தேன். பிறகு புரிந்தது, லூர்து. அம்மா கீழே விழுகிறாளா என்று பார்க்கிறது. ஆறு வயதுப் பிள்ளை, தாயார் சாகிறாளா என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதை அழகம்மாளும் தெரிந்துதான் இருக்கிறாள். அசையாமல் உட்கார்ந்து தன்னைக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எவ்வளவு நேரமோ தெரியாது. ரசஞ்சாதம் ஆறிப்போயிருக்கும். திரும்பிப் பார்த்தபோது பவுனு வாயைத் திறந்துகொண்டிருந்தது. அழகம்மாள் எடுத்த வாய்தான் கிண்ணத்திலேயே உதிர்ந்தது, மறுபடியும் அள்ளினாள்.

இன்னாசி